என்ஜிசி 1068 ஸ்டார்பர்ஸ்ட்தானே, அதை ஏன் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள்?

வெள்ளிமுளை | 3 மார்ச் 2025, இரவு 9.40

2022 நவம்பரில் ஐஸ்கியூப் (தென் துருவப் பனிக்குள் புதைத்த நியூட்ரினோக் கருவி) குழு என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியின் திசையிலிருந்து 79 நியூட்ரினோ (எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவும் மின்னூட்டமற்ற துகள்), 4.2 சிக்மா (தற்செயல் இல்லை என்ற உறுதியின் அளவு) என்று அறிவித்தது. அந்தக் கேலக்ஸியின் நடுவைச் சுற்றி விண்மீன்கள் மளமளவென்று பிறக்கும் வளையம் ஒன்று இருக்கிறது. எம்82, என்ஜிசி 253 இவற்றோடு ஸ்டார்பர்ஸ்ட் (விண்மீன்கள் வெடிவேகத்தில் பிறக்கும் கேலக்ஸி) பட்டியல்களில் அதன் பெயரும் வருகிறது. ஆக, விண்மீன் பிறக்கும் கேலக்ஸிகளிலிருந்து உயர் ஆற்றல் நியூட்ரினோ வருகிறது என்பது முடிந்த வழக்கு. இந்த மன்றத்தில் மட்டும் ஏன் ஸ்டார்பர்ஸ்ட் நியூட்ரினோவை "இன்னும் பார்க்கவில்லை" என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்?

பனிக்கம்பி | 3 மார்ச், இரவு 10.05

வழக்கு முடியவில்லை. நியூட்ரினோவோடு வர வேண்டிய காமா கதிர் எங்கே? மீதி நாளை.

பனிக்கம்பி | 4 மார்ச், காலை 7.15

முதலில் அலகு. டெவ் என்றால் 10¹² எலெக்ட்ரான் வோல்ட். ஜெவ் அதில் ஆயிரத்தில் ஒன்று, பெவ் அதைப்போல் ஆயிரம் மடங்கு.

ஸ்டார்பர்ஸ்டில் நடப்பது இது: சூப்பர்நோவா எச்சங்கள் புரோட்டான்களை முடுக்குகின்றன. அவை அடர்ந்த வாயுவில் மோதிப் பையான் என்ற குறுவாழ்வுத் துகள்களைப் பிறப்பிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டமற்ற பையான். அது இரண்டு காமாவாக உடைகிறது. மீதி மின்னூட்டமுள்ளவை, அவை மியூவானும் (எலெக்ட்ரானின் கனத்த உறவு) நியூட்ரினோவும் ஆகி, அந்த மியூவான் மறுபடி உடைந்து இன்னும் இரண்டு நியூட்ரினோ தருகிறது. காமா ஒன்றுக்குப் புரோட்டான் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு, நியூட்ரினோ ஒன்றுக்கு இருபதில் ஒரு பங்கு. 10 டெவ் நியூட்ரினோ வேண்டுமானால் 200 டெவ் புரோட்டான் வேண்டும்.

காமாவும் நியூட்ரினோவும் ஒரே மோதலில் பிறக்கும் இரட்டைப் பிள்ளைகள் என்பதுதான் இதில் முக்கியம். ஒன்றை அளந்தால் மற்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வழியில் நியூட்ரினோக்கள் வகை மாறிக் கலந்து மூன்று வகையும் சமமாக வந்து சேரும்போது, ஒரு வகையின் ஆற்றல் பாய்வு காமா பாய்வில் சுமார் பாதி.

இதை என்ஜிசி 1068ல் போட்டுப் பாருங்கள். ஐஸ்கியூப் சொன்ன பாய்வு 1 டெவ்வில் 5×10⁻¹¹ (ஒரு டெவ்வுக்கு, ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நொடிக்கு), சரிவு (ஆற்றல் கூடக்கூடப் பாய்வு குறையும் அடுக்கு) 3.2. அளவீடு செல்லுபடியாகும் 1.5 டெவ்வுக்கு மேல் கூட்டினால் 9×10⁻¹². அதே கேலக்ஸியை மேஜிக் காமா தொலைநோக்கிகள் 125 மணி நேரம் பார்த்தன. ஒன்றும் தெரியவில்லை. 200 ஜெவ்வுக்கு மேல் மொத்தக் காமாவுக்கே அவர்கள் வைத்த மேல்வரம்பு 5.1×10⁻¹³. நியூட்ரினோ மட்டுமே அதைப்போல் 18 மடங்கு!

விண்மீன் வளையத்தில் பிறந்திருந்தால் காமா தப்பி வந்திருக்கும். வரவில்லை என்றால் பிறந்த இடத்திலேயே விழுங்கப்பட்டிருக்கிறது. அதற்கு எக்ஸ் கதிர் குழம்பிக் கிடக்கும் இடம் வேண்டும்: நடுவில் உள்ள கருந்துளையின் கொரோனா, அதாவது அதை ஒட்டிய கொதிவாயு. ஆகவே அந்த 79ம் கருந்துளைப் பேரேட்டில் எழுத வேண்டியவை.

வெள்ளிமுளை | 4 மார்ச், பகல் 1.20

ஸ்டார்பர்ஸ்டிலும் தூசும் அகச்சிவப்பும் மண்டிக்கிடக்கின்றனவே. அங்கே காமாவை விழுங்க முடியாதா?

பனிக்கம்பி | 4 மார்ச், இரவு 8.50

முடியும், மேல் நுனியில் மட்டும். காமாவும் இன்னொரு ஒளித்துகளும் மோதி எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணை உண்டாக, இரண்டின் ஆற்றல்களைப் பெருக்கினால் 0.26 (டெவ் × எலெக்ட்ரான் வோல்ட்) தாண்ட வேண்டும். தூசு உமிழும் 60 மைக்ரான் ஒளித்துகளுக்கு 0.02 எலெக்ட்ரான் வோல்ட்; அதற்கு ஈடாக 13 டெவ் காமா வேண்டும். ஆகவே 1 டெவ் காமா தூசு ஒளியை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடும். 1000 எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் என்றால் 0.26 ஜெவ்விலேயே விழுங்கல் தொடங்கிவிடுகிறது. தூசுக்கும் கொரோனாவுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

ஆர்ப் 220 போன்ற அதீத ஸ்டார்பர்ஸ்ட்களில் 10 டெவ்வுக்கு மேல் விழுங்கல் கணிசம். எம்82ல் அவ்வளவு இல்லை.

சல்லடை | 5 மார்ச், காலை 6.30

அப்படியானால் எம்82க்கு நேரடியாகக் கணக்குப் போடலாமே. காமா ஏற்கெனவே கையில் இருக்கிறது.

2009ல் வெரிடாஸ் காமா தொலைநோக்கி வரிசை 137 மணி நேரம் பார்த்து, 700 ஜெவ்வுக்கு மேல் 3.7×10⁻¹³ என்று அளந்தது, சரிவு 2.5. அதை 1 டெவ்வுக்கு மாற்றினால் 3.2×10⁻¹³. பாதி போட்டால் மியூவான் வகை நியூட்ரினோ 1.6×10⁻¹³.

ஐஸ்கியூபின் பயனுறு பரப்பு (வரும் நியூட்ரினோ அத்தனையையும் பிடிக்கும் கற்பனைக் கருவியின் பரப்பு) 1 டெவ்வில் 1 சதுர மீட்டர் என்று தோராயமாக வைத்து, ஆற்றலோடு 1.2 அடுக்கில் ஏற்றுகிறேன். 1 முதல் 100 டெவ் வரை தொகையிட்டால் நொடிக்கு 4×10⁻⁹. பத்தாண்டு 3.15×10⁸ நொடி. விடை 1.26.

பத்து வருஷத்துக்கு ஒன்றேகால் நியூட்ரினோ. கல்யாணத்துக்கு மொய் வைத்த மாதிரி, அந்தக் கால் வேறு.

சல்லடை | 5 மார்ச், காலை 7.05

பின்னணியையும் போட்டுவிடுகிறேன். 2022 ஆய்வில் வட வானத்திலிருந்து ஏறக்குறைய 6,70,000 தடங்கள் (கருவிக்குள் மியூவான் விட்ட நீள ஒளிக்கோடுகள்), ஒன்பதாண்டில், பெரும்பாலும் பூமியின் காற்றுமண்டலத்தில் பிறந்தவை. ஏழு நிமிடத்துக்கு ஒன்று. அரைக்கோளம் 20,600 சதுர பாகை. ஒரு சதுர பாகைக்கு 32. எம்82ஐச் சுற்றி அரைப் பாகை ஆரத்தில் வட்டம் போட்டால் 25. அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 5. அதற்குள் நம்முடைய ஒன்றேகால்.

பனிக்கம்பி | 5 மார்ச், இரவு 9.15

இரண்டு திருத்தம்.

ஒன்று, அரைப் பாகை வட்டம் தாராள மனசு. 1 டெவ்வில் நியூட்ரினோவுக்கும் அது பிறப்பித்த மியூவானுக்கும் இடையிலேயே 0.7 பாகை விலகல் இருக்கிறது. கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது போகாது. 1 பாகை வட்டம் எடுங்கள், பின்னணி 100 ஆகிவிடும்.

இரண்டு, பரப்பு. அதே சூத்திரத்தை என்ஜிசி 1068ல் ஓட்டிச் சரிபார்க்கலாம். பாய்வு 5×10⁻¹¹, சரிவு 3.2, பார்த்த காலம் 3186 நாள். உங்கள் பரப்புக்கு 136 வருகிறது. அவர்கள் பொருத்தி எடுத்தது 79. ஆகவே உங்கள் பரப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு கூடுதல். எம்82க்கு 0.73 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சல்லடை | 5 மார்ச், இரவு 9.30

சரி. அந்தக் காலும் போச்சு, அரையும் போச்சு.

உப்புநீர் | 6 மார்ச், பகல் 11.00

இடத்தைச் சொல்லாமல் எண்ணிக்கை பேசுகிறீர்கள். ஐஸ்கியூப் தென் துருவத்தில் இருக்கிறது. அதற்கு எம்82 (நடுவரை விலக்கம், அதாவது வான நடுவரையிலிருந்து வடக்கே தள்ளி, +69.7 பாகை) எப்போதும் காலுக்குக் கீழே, பூமியின் மறுபக்கம். காற்றுமண்டல மியூவான்களை பூமி வடிகட்டிவிடும். ஆனால் 100 டெவ்வுக்கு மேல் நியூட்ரினோவையும் கொஞ்சம் தின்றுவிடும். என்ஜிசி 253 (−25.3) அங்கே எப்போதும் தலைக்கு மேலே, நொடிக்கு 2700 மியூவான் கொட்டும் திசை. என்ஜிசி 1068 கிட்டத்தட்ட பூஜ்யம், அடிவானம்: மியூவானும் இல்லை, விழுங்கலும் இல்லை. அது முதலில் சிக்கியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

மத்தியதரைக் கடலுக்குள் உள்ள ஆர்க்கா நியூட்ரினோக் கருவி 36 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே என்ஜிசி 253 நாளில் 61 சதவீத நேரம் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அதைப் பார்க்க அதுதான் சரியான இடம். ஆனால் எம்82 அங்கே மறைவதே இல்லை. எவ்வளவு இறங்கினாலும் 15.7 பாகை உயரத்தில் நிற்கும். வட துருவ விண்மீன் மாதிரி. ஆக எம்82க்குப் பனி, என்ஜிசி 253க்குக் கடல்.

வெள்ளிமுளை | 6 மார்ச், மாலை 6.45

பனியும் கடலும் வெறும் இட வித்தியாசம்தானா?

உப்புநீர் | 7 மார்ச், காலை 5.50

இல்லை. ஐஸ்கியூபில் 86 கம்பி, ஒவ்வொன்றிலும் 60 கண்ணாடிக் கோளம், மொத்தம் 5160. ஆழம் 1450 முதல் 2450 மீட்டர். கம்பிக்குக் கம்பி 125 மீட்டர், கோளத்துக்குக் கோளம் மேல்கீழாக 17 மீட்டர். கோளம் ஒன்றுக்குள் 10 அங்குல ஒளிப்பெருக்கிக் குழல் ஒன்று, கீழ்நோக்கி. வெந்நீரால் துளை போட்டு இறக்கினார்கள். தண்ணீர் மறுபடி உறைந்ததும் முடிந்தது கதை, பழுதானால் எடுக்க வழியில்லை. 2000 முதல் 2100 மீட்டர் வரை ஒரு தூசுப் படலம். அங்கே ஒளி சட்டென்று மங்கும். உறைந்த துளைக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள் இன்னொரு தலைவலி. பனியில் ஒளி அதிகம் சிதறுகிறது, அதனால் திசை மங்கும்.

கடல் நீரில் சிதறல் குறைவு, திசை கூர்மை. ஆர்க்கா கோளத்தில் 3 அங்குலக் குழல் 31, எல்லாத் திசையும் பார்க்கும். ஆனால் உப்பில் உள்ள பொட்டாசியம்-40 ஓயாமல் மினுக்கும், மின்னும் உயிரிகள் தனி. பக்கத்துப் பக்கத்துக் குழல்கள் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் பார்த்தால்தான் நம்புவது என்ற விதியால் அதைத் தள்ளுகிறார்கள். கம்பிகள் நீரோட்டத்தில் ஆடும். ஒலி அலை விட்டு இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளிமுளை | 7 மார்ச், இரவு 7.30

போன மாதம் வந்த 220 பெவ் நியூட்ரினோ செய்தி ஆர்க்காவிலிருந்துதானே? அது ஸ்டார்பர்ஸ்டா?

உப்புநீர் | 7 மார்ச், இரவு 7.41

ஆர்க்காதான். 2023 பிப்ரவரி 13, அப்போது 21 கம்பிதான் இறக்கியிருந்தார்கள். மியூவான் 120 பெவ், கிட்டத்தட்ட கிடைமட்டம். 220 பெவ் நியூட்ரினோவுக்கு 4400 பெவ் புரோட்டான் வேண்டும். சூப்பர்நோவா எச்சத்திடம் அதைக் கேட்பது மாட்டு வண்டியை ஓடுபாதையில் விடுவது மாதிரி. இந்த இழைக்கு வெளியே வையுங்கள்.

பனிக்கம்பி | 9 மார்ச், காலை 10.20

ஞாயிற்றுக்கிழமை. வாயு அடர்த்திக் கணக்கு.

ஸ்டார்பர்ஸ்டை ஏன் நம்புகிறோம்? புரோட்டான் தப்பிக்குமுன் மோதிவிடும் என்பதால். எம்82 மாதிரி நடுப்பகுதிக்கு ஒரு கன செ.மீ.யில் 250 அணு வைக்கிறேன். மோதல் குறுக்குவெட்டு 3×10⁻²⁶ சதுர செ.மீ., மோதலுக்குப் பாதி ஆற்றல் போகும். ஆற்றல் தீர 2.8 லட்சம் ஆண்டு. பால்வழி மாதிரி கன செ.மீ.க்கு 1 அணு என்றால் 7 கோடி ஆண்டு. அதற்குள் புரோட்டான் வெளியே கசிந்துவிடும்.

எம்82ல் எதிராளி காற்று. நடுவிலிருந்து நொடிக்கு 500 கி.மீ. வேகத்தில் வாயு பீறிட்டு வெளியேறுகிறது என்றும், 300 பார்செக் (ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டு) தாண்டினால் தப்பித்தது என்றும் வைத்தால் 5.9 லட்சம் ஆண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். புரோட்டான் ஆற்றலில் 68 சதவீதம் மோதலில் முடிகிறது. நிரம்பிய பாத்திரம் இல்லை, முக்கால் பாத்திரம்.

பனிக்கம்பி | 9 மார்ச், பகல் 12.40

மேலே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. காற்று எல்லா ஆற்றலையும் ஒரே வேகத்தில்தான் வாரிக்கொண்டு போகும். அதனால் 68 சதவீதம் 10 ஜெவ்விலும் 100 டெவ்விலும் ஏறக்குறைய அதே. மோதல் குறுக்குவெட்டு ஆற்றலோடு மெல்லக் கூடுவதால் மேலே இன்னும் கொஞ்சம் அதிகம். காந்தப்புலத்தில் ஊடுருவித் தப்பிப்பது பெரிதாக இருந்தால்தான் உயர் ஆற்றல் முதலில் கசியும், சரிவு செங்குத்தாகும். பால்வழியில் அதுதான் நடக்கிறது. ஸ்டார்பர்ஸ்டின் நிறமாலை தட்டையாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே. ஆனால் வெரிடாஸ் அளந்த 2.5ஐப் பாருங்கள். தட்டை இல்லை.

சல்லடை | 9 மார்ச், மாலை 4.00

தனித்தனியாக 0.73 என்றால் போகட்டும். வானம் முழுக்க உள்ள ஸ்டார்பர்ஸ்ட்களைக் கூட்டினால்? லோப், வாக்ஸ்மன் என்ற கோட்பாட்டாளர்கள் 2006லேயே சொன்னது அதுதானே: தனியாகத் தெரியாவிட்டாலும் கூட்டாகப் பின்னணி ஒளிர்வாகத் தெரியும் என்று.

பனிக்கம்பி | 10 மார்ச், இரவு 9.30

சொன்னார்கள். 2013ல் ஐஸ்கியூப் 28 உயர் ஆற்றல் நியூட்ரினோ நிகழ்வுகளை அறிவித்தபோது எல்லாரும் முதலில் நினைத்ததும் அதைத்தான். முதல் இரண்டு பெவ் நிகழ்வுகளுக்கு பெர்ட், எர்னி என்று குழந்தைகள் நிகழ்ச்சிப் பொம்மைகளின் பெயர் வைத்ததும், 2 பெவ்வில் வந்ததற்குப் பிக் பேர்ட் என்று வைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

இப்போது காமாவை வைத்துக் கணக்கு. வட வானத் தடங்களில் 100 டெவ்வில் ஒரு வகைக்கு ஆற்றல் பாய்வு 1.44×10⁻⁸ (ஜெவ், சதுர செ.மீ., நொடி, ஸ்டெரேடியன்). சரிவு 2.37. எல்லாமே புரோட்டான்-வாயு மோதல் என்று வைத்து அதே சரிவில் 100 ஜெவ்வுக்கு இறக்குங்கள். ஆயிரத்தின் 0.37 அடுக்கு 13. காமாவுக்கு இன்னொரு 2. கிடைப்பது 3.7×10⁻⁷. ஃபெர்மி காமா செயற்கைக்கோள் அங்கே அளந்த, எல்லாத் திசையிலும் சமமான காமாப் பின்னணி 7×10⁻⁸. ஐந்து மடங்கு தாண்டிவிட்டது.

சரிவு 2.0 என்றால் 2.9×10⁻⁸, அடங்கும். 2.15 என்றால் 8×10⁻⁸, விளிம்பு. முராசே, அஹ்லர்ஸ், லாக்கி 2013ல் சொன்ன 2.1 முதல் 2.2 என்ற எல்லை இப்படி வருவதுதான். அளந்த சரிவுகள்: தடம் 2.37, கேஸ்கேட் (கோடாக இல்லாமல் உருண்டையாக வரும் ஒளி) 2.53, ஏழரை ஆண்டு உள்தொடக்க நிகழ்வுகளில் (கருவிக்குள்ளேயே மோதல் தொடங்கியவை) 2.87. ஒன்றும் அந்த வாசலுக்குள் நுழையவில்லை.

சல்லடை | 10 மார்ச், இரவு 10.10

7×10⁻⁸ என்பது தெரிந்த மூலங்களைக் கழித்த பிறகு மிஞ்சியது. ஸ்டார்பர்ஸ்ட்களில் எம்82 போன்ற சிலவும் கழிபட்டவற்றில் இருக்கின்றன. பால்வழிக்கு வெளியிலிருந்து வரும் மொத்தப் பின்னணியோடுதான் ஒப்பிட வேண்டும்.

பனிக்கம்பி | 11 மார்ச், காலை 6.40

சரிதான். மொத்தம் 1.3×10⁻⁷. அப்போது தாண்டல் 5 மடங்கிலிருந்து 3க்குக் குறைகிறது.

ஆனால் அந்த மொத்தத்தில் பங்குதாரர்கள் அதிகம். 2016ல் ஃபெர்மி குழு, 50 ஜெவ்வுக்கு மேல் 86 சதவீதம் பிளேசார்களுடையது (நம்மை நோக்கித் தாரை பீய்ச்சும் கருந்துளைக் கேலக்ஸிகள்) என்றது, பிழை எல்லை 15 சதவீதம் அளவுக்கு இருபுறமும். நடு எண்ணை எடுத்தால் மற்ற எல்லாருக்கும் சேர்த்து 1.8×10⁻⁸. அத்தனையும் ஸ்டார்பர்ஸ்டுக்கே கொடுத்தாலும் நியூட்ரினோ ஒரு வகைக்கு 0.9×10⁻⁸. தட்டையான 2.0 சரிவில் அது ஐஸ்கியூப் பாய்வில் 60 சதவீதம், 2.2 சரிவில் 16 சதவீதம்.

இந்த 16க்கும் 60க்கும் இடையில்தான் பத்து வருடமாகச் சண்டை. ராத், க்ரும்ஹோல்ஸ் குழு 2021ல் காமாப் பின்னணியில் பெரும்பங்கு விண்மீன் பிறக்கும் கேலக்ஸிகளுடையதே என்று கணக்குக் காட்டினார்கள். அது சரியென்றால் பிளேசார் பங்கு மேலே சொன்ன பிழை எல்லையின் கீழ்ப்பக்கம் போக வேண்டும். தூரத்துக் காமா வழியில் விண்மீன் ஒளியில் மோதிக் குறைவதையும் 100 ஜெவ் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஸ்டார்பர்ஸ்டுக்குக் கொஞ்சம் சாதகம்.

வெள்ளிமுளை | 11 மார்ச், இரவு 8.15

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. 2018ல் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகக் குழு அதீத ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸிகளின் திசையோடு 4 சிக்மாவில் ஒத்துப்போகின்றன என்று சொன்னார்களே?

பனிக்கம்பி | 11 மார்ச், இரவு 8.30

அது 3.9×10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். நாம் பேசும் 200 டெவ் புரோட்டானைப்போல் 2 லட்சம் மடங்கு. ஊர் ஒன்று, ஆட்கள் வேறு.

உப்புநீர் | 13 மார்ச், காலை 6.00

யாரும் சொல்லாத ஒரு விண்மீன் பிறக்கும் கேலக்ஸி இருக்கிறது. நாம் குடியிருப்பது.

2023 ஜூனில் ஐஸ்கியூப் பால்வழித் தளத்திலிருந்து 4.5 சிக்மாவில் நியூட்ரினோ பார்த்ததாக அறிவித்தது. ஆண்டுக்குச் சூரியன் மாதிரி ஒன்றிரண்டு பிறக்கும் சாதுவான கேலக்ஸி, ஆனாலும் புரோட்டான்-வாயு மோதல் நியூட்ரினோவை அளந்த முதல் கேலக்ஸி இதுதான். ஃபெர்மி பார்த்த காமா வரைபடத்தையே அச்சாக வைத்துத் தேடினார்கள், கிடைத்தது. அங்கே இரட்டைப் பிள்ளைகள் இருவரும் வந்திருக்கிறார்கள்.

தடங்களை விட்டுக் கேஸ்கேட் எடுத்ததுதான் சூட்சுமம். பால்வழி நடுவம் தெற்கு வானில் −29 பாகையில். அங்கே தடம் தேடினால் மியூவான் மழை. கருவிக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் உருண்டை ஒளி என்றால் வெளியிலிருந்து வந்த மியூவான் இல்லை. திசை கூர்மை 10 பாகை அளவுக்கு மோசம்தான், ஆனால் தேடும் பொருளே வானம் முழுக்கப் பரந்த பட்டை. பத்தாண்டில் 59,592 நிகழ்வு, நரம்புவலைப் பயிற்சி மூலம் பொறுக்கியது. 30 டெவ்வில் மொத்த வானப் பாய்வில் 6 முதல் 13 சதவீதம் நம்முடையது.

பனிக்கம்பி | 13 மார்ச், இரவு 9.00

ஏற்கிறேன். இழையின் தலைப்புக் கேள்விக்கும் இதுவே பதில். சேர்க்க வேண்டியது பால்வழி, என்ஜிசி 1068 இல்லை.

வெள்ளிமுளை | 2 ஏப்ரல், இரவு 10.45

நானே ஓட்டிப் பார்க்க விரும்புகிறேன். ஐஸ்கியூபின் பத்தாண்டுப் பொதுத் தரவை இறக்கிவிட்டேன். எங்கே தொடங்குவது?

சல்லடை | 3 ஏப்ரல், காலை 6.20

அதில் 2008 ஏப்ரல் முதல் 2018 ஜூலை வரை. 40, 59, 79, 86 கம்பிக் காலங்கள் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் நேரம், ஆற்றலின் மடக்கை, கோணப் பிழை, வல ஏற்றம் (வானில் கிழக்கு-மேற்கு இடம்), நடுவரை விலக்கம். கூடவே பயனுறு பரப்பு அட்டவணையும், உண்மை ஆற்றல் எப்படி அளந்த ஆற்றலாகச் சிதறுகிறது என்ற அட்டவணையும் இருக்கும். காலங்களைக் கலக்காதீர்கள், 40 கம்பிக் காலத்துக்கு 86 கம்பிப் பரப்பைப் போட்டால் விடை அழகாக வரும், தவறாக வரும்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு நிகழ்தகவு: மூலத்திலிருந்து வந்திருந்தால், பின்னணியாக இருந்தால். மூலப் பகுதிக்குத் திசைக்கு இருபரிமாண காஸியன் (மணி வடிவப் பரவல்), ஆற்றலுக்குச் சரிவைச் சார்ந்த பரவல். பின்னணிக்கு அதே நடுவரை விலக்கத்தில் உள்ள தரவே போதும். மூல நிகழ்வு எண்ணிக்கை, சரிவு இரண்டையும் நகர்த்தி மொத்த நிகழ்தகவின் உச்சம் தேடுங்கள். அந்த உச்சத்துக்கும் மூலம் இல்லை என்ற நிலைக்கும் உள்ள மடக்கை வேறுபாட்டின் இரட்டிப்பே சோதனை எண். ஸ்கைஎல்எல்எச் என்ற திறந்த மென்பொருள் இதை இந்தத் தரவுக்கே செய்து தரும். ஆனாலும் ஒரு தடவை கையால் எழுதிப் பாருங்கள்.

பின்னணிச் சோதனைக்கு வல ஏற்றத்தை மட்டும் 0 முதல் 360க்குள் கலைத்துப் போடுங்கள். கருவி துருவத்தில் இருப்பதால் பூமி சுழலும்போது அதன் பார்வை வல ஏற்றத்தில் சமமாகிவிடுகிறது. அந்த வசதி கடல் கருவிகளுக்கு இல்லை.

சல்லடை | 3 ஏப்ரல், காலை 7.00

வழுக்கும் இடங்கள். ஆற்றல் என்று எழுதியிருப்பது மியூவான் ஆற்றலின் மதிப்பீடு. நியூட்ரினோ ஆற்றல் இல்லை. கிலோமீட்டர்கள் தள்ளிப் பிறந்த மியூவான் வழியில் எவ்வளவோ இழந்துவிட்டுத்தான் வந்து சேர்கிறது. கோணப் பிழை பாகையில், முக்கோணவியல் சார்புகள் ரேடியனில். பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். இருபரிமாண காஸியனில் ஒரு சிக்மா வட்டத்துக்குள் 39 சதவீதம்தான், 68 இல்லை. பாதி வேண்டுமானால் 1.18 ஆல் பெருக்க வேண்டும்.

எம்82க்குத் தனியாக இன்னொன்று. +69.7ல் வட்டம் சிறுத்துவிடுகிறது: 360க்கு 125 பாகைச் சுற்றளவுதான். 2 பாகை அகலத் துண்டாக 60 போல. கலைத்தல் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டினாலும் உள்ளே இருக்கும் புதுச் செய்தி அவ்வளவுதான்.

பனிக்கம்பி | 3 ஏப்ரல், இரவு 8.10

இந்தப் பொதுத் தரவில் என்ஜிசி 1068 தேடினால் 4.2 வராது. இது 2.9 சிக்மா அறிவிப்பு வந்த காலத்துத் தரவு. 4.2 வந்தது 2011 முதல் 2020 வரையிலான தரவை மறுபடி அளவிட்டு, காஸியனை விட்டுவிட்டு உருவகப்படுத்தலிலிருந்தே திசைச் சிதறல் வடிவத்தை எடுத்ததால். சரிவு 3 தாண்டும் மூலத்துக்கு காஸியன் ஒத்துவராது, வால் நீளம். 4.2 என்பதும் 110 மூலப் பட்டியலில் தேடியதற்கு அபராதம் (பல இடம் பார்த்தால் தற்செயலாகவே ஏதாவது ஒன்று பெரிதாகத் தெரியும் என்பதற்கான குறைப்பு) கழித்த பிறகு, கழிக்குமுன் 5.2. எம்82ஐ மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்தால் அபராதம் இல்லை. ஆனால் எம்82 பார்த்து, இல்லையென்றதும் என்ஜிசி 253 பார்த்து, ஆர்ப் 220 பார்த்தால் மூன்றுக்கும் அபராதம் உண்டு. பார்த்ததை மறைக்கக் கூடாது.

வெள்ளிமுளை | 19 ஏப்ரல், இரவு 11.30

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே குவியலாகத் தேடினால்?

சல்லடை | 20 ஏப்ரல், காலை 9.15

அதுதான் ஸ்டாக்கிங். ஒவ்வொரு மூலத்தின் நிகழ்தகவையும் எடை போட்டுக் கூட்டி ஒரே எண்ணிக்கை பொருத்துவது. எடை இரண்டு பகுதி: மூலம் எவ்வளவு வெளியிடுகிறது என்ற ஊகமும், அந்தத் திசையில் கருவி எவ்வளவு பிடிக்கும் என்ற ஏற்புத்திறனும். ஊகத்துக்கு அகச்சிவப்புப் பாய்வு வழக்கம். பிறக்கும் பெரிய விண்மீன்களின் ஒளியைத் தூசு விழுங்கி அகச்சிவப்பாக விடுகிறது. ஐராஸ் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் பட்டியலில் 60 மைக்ரானில் 5.24 ஜான்ஸ்கிக்கு (பாய்வின் அலகு) மேல் 629 கேலக்ஸி, தயாரான பட்டியல். ஏற்புத்திறன் சரிவோடு மாறும், ஆகவே பொருத்தும் ஒவ்வொரு படியிலும் எடையைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஒருமுறை கணக்கிட்டு உறைய வைப்பதுதான் நான் பார்த்த நிரல்களில் அடிக்கடி வரும் பிழை.

ஐஸ்கியூப் குழுவே செம்பெயர்ச்சி (தூரத்தைக் காட்டும் அளவு) 0.13க்குள் உள்ள 75 அதீத அகச்சிவப்புக் கேலக்ஸிகளை ஏழரை ஆண்டுத் தரவில் குவித்துப் பார்த்தது. மிகுதி ஒன்றும் இல்லை.

பனிக்கம்பி | 20 ஏப்ரல், பகல் 2.00

பட்டியலில் என்ஜிசி 1068 இருக்கிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பில் பளிச்சென்று இருப்பதால் இருக்கும். அதை வைத்துக்கொண்டு குவித்தால் மிகுதி வரும், வந்தது கருந்துளையிலிருந்து. கண்டிப்பாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது இரண்டு விதமாகவும் ஓட்டி இரண்டையும் எழுதுங்கள்.

உப்புநீர் | 21 ஏப்ரல், காலை 6.10

இடையில் ஒரு பழங்கதை. காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவு செய்தவற்றில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், 1965. தரைக்கு 2.3 கி.மீ. கீழே, டாடா ஆய்வு நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் மூன்றும் சேர்ந்து. அப்போது ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டாடியதைத்தான் இன்று ஏழு நிமிடத்துக்கு ஒன்று என்று பின்னணிக் குப்பையில் போடுகிறோம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசியவர்கள் என்பது உபரித் தகவல்.

வெள்ளிமுளை | 6 மே, இரவு 9.55

மூன்று மூலக் குவியல், வல ஏற்றத்தைக் கலைத்து 1000 தடவை ஓட்டினேன். பாதிக்கு மேல் மூல எண்ணிக்கை சைபர், சோதனை எண்ணும் சைபர். நிரல் உடைந்திருக்கிறதா?

சல்லடை | 6 மே, இரவு 10.20

உடையவில்லை. பின்னணி சராசரிக்குக் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் பொருத்தம் மைனஸுக்குப் போகப் பார்க்கும். நீங்கள் சைபரில் தடுப்புப் போட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் வருவது இயல்பு. சைபர் வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதனால்தான் கை-வர்க்க (χ²) அட்டவணையை நேரடியாகப் பார்க்கக் கூடாது; கலைத்த ஓட்டங்களின் பரவலையே அளவுகோலாக வையுங்கள்.

அடுத்து செயற்கையாக நிகழ்வுகளைப் புகுத்தி, எத்தனை புகுத்தினால் 90 சதவீத ஓட்டம் பின்னணி நடுமதிப்பைத் தாண்டுகிறது என்று பாருங்கள். புகுத்தும்போது மூன்று மூலங்களுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். பொருத்தத்தில் போட்ட அதே எடையில் புகுத்துங்கள். என்ஜிசி 253 −25ல் இருப்பதால் சரிவு 2.5க்கு அதன் பங்கு கிட்டத்தட்ட ஒன்றும் வராது. வந்தால் ஏற்புத்திறன் அட்டவணையில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருக்கிறது.

வெள்ளிமுளை | 7 மே, காலை 5.40

மாறித்தான் இருந்தது.